இருபத்தேழு உறுப்பினர்களும் டெல்லித் தாளும்

1979ஆம் வருஷம் மாசிக் கடைசியில் அரியலூர்ப் பக்கம் போலீசுக்கு ஒரு சேதி எட்டியது. ஆண்டிமடத்திலிருந்து மூன்று மைல் உள்ளே, முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தெருவில் சீனாவோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் மன்றம் ஒன்று நடக்கிறது, உறுப்பினர் இருபத்தேழு பேர், தலைவன் பெயர் நல்லுசாமி. அந்தத் தெருவில் மொத்தமே முப்பத்தோரு வீடுதான். கிட்டத்தட்ட வீட்டுக்கொரு ஆள் சீனாவோடு சேர்ந்துவிட்டான் என்றால் எந்தப் போலீஸ்காரருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆளை நேரில் பார்த்திருந்தால் அந்தச் சந்தேகம் ஒரு நிமிஷத்தில் தெளிந்திருக்கும். இருபத்தெட்டு வயசு, ஒடிசலான உடம்பு, ஆண்டிமடம் முந்திரி மண்டியில் மூட்டை எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலை. யாராவது அதட்டிப் பேசினால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், பதில் அப்புறம்தான் வரும். அவன் அப்பாவும் அப்பாவுக்கு அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் குனிந்தே காலம் தள்ளியவர்கள். இவன் அரியலூரில் பி.யு.சி. முடித்து, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தேறி, பெரம்பலூர் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால், ஆள் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் விசாரித்து எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் சீனா குறுக்கே வந்து நின்றது.

எல்லாம் படிப்பால் வந்த வினை. மண்டி வேலையோடு வேலையாக நல்லுசாமி தபால் வழியில் பி.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தான். மற்ற தாள்களையெல்லாம் தாண்டிவிட்டான். ‘பன்னாட்டு உறவுகள்: ஓர் அறிமுகம்’ என்ற ஒரு தாள் மட்டும் இரண்டு தடவை அவன் காலை வாரிவிட்டது. முதல் தடவை, நாடுகள் எல்லாம் அண்ணன் தம்பியாகப் பழக வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தான். இருபத்திரண்டு மார்க். அடுத்த தடவை ஒப்பந்தம் போட்ட வருஷங்களையெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனான். முப்பத்தொன்று. என்னதான் கேட்கிறார்கள் என்று எரிச்சலோடு பாடப்புத்தகத்தை முதலிலிருந்து புரட்டியபோது, இதுவரை படிக்காமல் தாண்டிப் போன முன்னுரை கண்ணில் பட்டது.

இரண்டு நாடுகள் மோதும்போது யார் சரி என்று கேட்பதோடு நிற்காதீர்கள் என்றது அது. ஒவ்வொரு நாடும் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அப்படி விடுவதால் அதற்கு என்ன ஆதாயம் என்று கேளுங்கள், படிப்பு அங்கேதான் தொடங்குகிறது என்றது. நல்லுசாமி அந்த முன்னுரையை நாலு தடவை படித்தான். இரண்டு வருஷம் வீணாகப் போனது இந்த ஒரு பக்கத்தைப் படிக்காததால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சரி, நாடுகள் சொல்வதை ஆண்டிமடத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது? விருத்தாசலம், திட்டக்குடி வழியாக பஸ் மாறி வெள்ளாற்றைத் தாண்டி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனான். குவைத்திலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களை விற்கும் கடை ஒன்றில் நாலு பேண்டு ரேடியோ ஒன்றைப் பழசாக வாங்கி வந்தான். பொழுது சாயும் நேரத்தில் முள்ளைத் திருப்பினால் பீகிங் தமிழில் பேசியது, மாஸ்கோ தமிழில் பேசியது, லண்டனும் பேசியது. டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி எப்போதும் உண்டு. அடேயப்பா, உலகத்து ராஜாங்கமெல்லாம் தன்னிடம் வந்து நியாயம் சொல்கிறதே என்று அவனுக்குப் புல்லரித்துப் போயிற்று.

ஒரு நீளக் கோட்டு நோட்டு வாங்கினான். நாளுக்கு நாலு தாள், வானொலிக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் ‘சொன்னது’, ‘சொல்லாதது’ என்று இரண்டு தலைப்பு. இந்தப் பழக்கம் நோட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு நாள் அவன் மனைவி அம்சவள்ளிக்கும் அவன் அம்மாவுக்கும் கோழி முட்டை விஷயமாக வாய்த் தகராறு. நான் சொல்றது சரியா, உங்கம்மா சொல்றது சரியா என்று அம்சவள்ளி நியாயம் கேட்டு வந்தாள். நல்லுசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நீ இதில் எதைச் சொல்லாமல் விட்டாய் என்று விசாரித்தான். அன்றைக்கும் மறுநாளும் அவனுக்கு வெறுங்கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம்கூடக் கிடைக்கவில்லை.

மன்றம் வந்தது இப்படி. படிப்புக்குப் புத்தகம் வேண்டும் என்று பீகிங் வானொலிக்குக் கடிதம் எழுதினான். மரியாதையாகப் பதில் வந்தது. தனி ஆளாக இல்லாமல் நேயர் மன்றமாக எழுதினால் புத்தகம், காலண்டர் எல்லாம் ஒழுங்காக அனுப்பலாம், உறுப்பினர் பட்டியல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

பட்டியல் என்றால் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் அடிகுழாய் கேட்டு மனுக் கொடுத்தார்கள். பெயர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் ஆபீசர் கண் திறக்கும் என்பது அவர்கள் அனுபவம். அதனால் கைக்குழந்தை, கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண், இறந்துபோனவர் என்று ஒரு ஆள் விடாமல் தொண்ணூற்றொரு பெயர் எழுதினார்கள். குழாயும் வந்தது. அதில் தண்ணீர் குடிக்கத் தொண்ணூற்றொரு பேரும் இருக்கிறார்களா என்று யாரும் வந்து எண்ணிப் பார்க்கவில்லை. மனு எழுதியவனே நல்லுசாமிதான். மன்றத்துக்கும் அதே கையால் அதே மாதிரி எழுதிவிட்டான். ரேடியோ கேட்க வந்து உட்காருகிறவர்கள் பத்துப் பதினோரு பேர், மற்றவர்கள் அடிகுழாய்க் கணக்கு. பாவி மனுஷன், அடிகுழாயும் பீகிங்கும் ஒன்று என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் மாசி மாதம் சீனப் படை வியட்நாமுக்குள் நுழைந்தது. பீகிங் அதைத் தற்காப்புக்கான பதிலடி என்றது, மாஸ்கோ ஆக்கிரமிப்பு என்றது, லண்டன் இருவர் சொல்வதையும் சொல்லிவிட்டுத் தன் கருத்தைக் காட்டிக்கொள்ளாமல் நகர்ந்தது. நம் வெளியுறவு மந்திரி அப்போது பீகிங்குக்கு விருந்தாளியாகப் போயிருந்தவர், பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். நல்லுசாமிக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்? மண்டியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவான். இந்தத் தடவை அந்தத் தாளில் தேறிவிடுவோம் என்று அவனுக்கே முதல் முறையாக நம்பிக்கை வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தவனிடம்தான் தபால்காரர் கொளஞ்சி வந்து விஷயத்தைச் சொன்னார். மப்டியில் ஒரு ஆள் தபாலாபீசுக்கு வந்து, சீனாவிலிருந்து யார் யாருக்குத் தபால் வருகிறது என்று பெயர் பெயராக எழுதிக்கொண்டு போயிருக்கிறாராம். பீகிங்காரர்கள் பொங்கலுக்கு முன்னால் இருபத்தேழு உறுப்பினர்களுக்கும் தனித்தனியாக வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார்கள். இறந்துபோன அரியமுத்துவுக்கும் ஒன்று வந்திருந்தது.

வேலை போய்விடும் என்று அம்சவள்ளி அப்போதே சொல்லிவிட்டாள். அந்த வேலை அவளுக்கு வெறும் சம்பளம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, முந்திரிக்கொட்டை உடைத்து விரல் நுனியெல்லாம் அந்தக் கொட்டையின் பாலில் வெந்துபோன கையோடு, இவனைப் படிக்க விட்டவள் அவள். பட்டணத்து ஆபீசில் இவன் நாற்காலியில் உட்காருவான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நினைக்காத நாளும் இல்லை. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடலாம் என்றாள். நல்லுசாமி கேட்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை, நோட்டு இல்லாவிட்டால் மறுபடியும் முப்பத்தொன்றுதான் என்றான். காலண்டர், அட்டை எல்லாம் மறைத்து வைத்தால்தான் சந்தேகம் வரும் என்றும் சொன்னான். ஆனால் அவன் மண்டிக்குப் போன பிறகு அவள் நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். சீனாவையும் ரஷ்யாவையும் திட்டியிருந்ததில் அவளுக்குக் கவலையில்லை. ஒரு தாளை மட்டும் இரண்டாம் தடவையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். தனிப்பிரிவு ஏட்டு, பெயர் சாமிதுரை, ஐம்பதை நெருங்கும் வயசு. வேட்டி சட்டைதான் போட்டிருந்தார், காலில் மட்டும் போலீஸ் பூட்ஸ். முந்திரிக்காட்டு மணலில் அந்தத் தடத்தைப் பார்த்தே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உறுப்பினர்களை ஒவ்வொருவராக வரச்சொன்னார்.

அரியமுத்து என்று கூப்பிட்டார். செத்து நாலு வருஷம் ஆகிறது என்றார்கள். ஏட்டு பெயருக்கு நேராக ஏதோ குறித்துக்கொண்டு, செல்லதுரை என்றார். செல்லதுரையை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள் அவன் அம்மா. ஒன்றரை வயசு, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஏட்டின் பேனாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அடுத்து கலியம்மாள். கிழவி வந்து எதிரே நின்றாள். ரேடியோவில் என்ன கேட்பாய் என்று மூன்று தடவை கேட்டும் பதிலில்லை. அவளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்ப் பதினைந்து வருஷமாகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வானொலி நேயர் மன்றத்து உறுப்பினர்.

ஏட்டு பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எழுந்து நேரே நல்லுசாமியின் வீட்டுக்குப் போய், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

ஒரே அறை. கிழக்குச் சுவரில் மாஸ்கோ காலண்டர், பனி பெய்திருந்தது. எதிர்ச் சுவரில் பீகிங் காலண்டர், நெடுஞ்சுவர் மலைமேல் போய்க்கொண்டிருந்தது. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் படத்துக்கு இடம் போதாமல் அதை நடுவில் அரிசிப் பானைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஏட்டு மாஸ்கோவைப் பார்த்ததும் திரும்பினார். அங்கேயும் மன்றம் உண்டா என்று கேட்டார். நல்லுசாமி பொய் சொல்லத் தெரியாமல் உண்டு என்றான். அந்தப் பட்டியலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதே இருபத்தேழு பேரா?”

“ஆமாங்கய்யா. அதே பட்டியலத்தான் பாத்து எழுதுனேங்க.”

“ரஷ்யாக்காரனும் சீனாக்காரனும் ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்கறதில்லன்னு பேப்பர்ல போடறான். நீ ரெண்டு பேத்துக்கும் தலைவனா? யாரு பக்கம்யா நீ?”

பக்கம் ஒன்றும் இல்லை, பரீட்சை என்றான் நல்லுசாமி. பாடப்புத்தகத்தின் முன்னுரையைக் காட்டினான். நோட்டையும் எடுத்து நீட்டினான். கொடுக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இத்தனை நாளில் அந்த நோட்டைப் படிக்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஏட்டு சாமிதுரை பாயில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் படித்தார். அரை மணி நேரம் படித்தார். பீகிங் சொன்னது, சொல்லாதது. மாஸ்கோ சொன்னது, சொல்லாதது. ஒரு இடத்தில் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். அடுப்படியில் அம்சவள்ளி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏட்டு நாலு தாள் முன்னே போனார், நாலு தாள் பின்னே வந்தார். நோட்டின் நடு மடிப்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“எல்லா நாளும் நாலு பேரு பேசறாங்க. பதினெட்டாந்தேதி மட்டும் மூணு பேருதான். நம்ம டெல்லி எங்க?”

நல்லுசாமி எட்டிப் பார்த்தான். மடிப்பை ஒட்டி விரல் அகலத்துக்குக் கிழிசல். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. யார் கிழித்தது என்று அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. எதற்குக் கிழித்தாள் என்பதும் புரிந்தது. அன்றைக்கு பேட்டரி தீர்ந்துபோயிற்று, டெல்லி கேட்கவில்லை என்று சொன்னால் முடிந்துவிடும். ஏட்டும் நம்பிவிடக்கூடும். வேலையும் தப்பிக்கும். அவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எழுதினேங்கய்யா. அப்பறம் பயமா இருந்துச்சு. நான்தான் கிழிச்சேன்.”

அம்சவள்ளி ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

“அவுரு கிழிக்கலிங்கய்யா, நான்தான் கிழிச்சேன். அவுருக்கே இப்பத்தான் தெரியும். என்ன இருந்தாலும் நம்ம கவர்மெண்ட்ட எழுதலாமான்னு பயந்துட்டேன்.”

ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தாள் எங்கே, எரித்துவிட்டாயா என்று கேட்டார். பரீட்சைக்கு வேண்டுமே என்று எரிக்க மனசு வரவில்லை என்று சொல்லி, அரிசிப் பானைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். இனி என்ன நடந்தாலும் தன்னால்தான் நடந்தது என்று அவள் நினைத்துக்கொண்டது முகத்தில் அப்படியே தெரிந்தது.

தாளில் நல்லுசாமியின் பொடி எழுத்து. டெல்லி சொன்னது: சண்டை கூடாது, படைகள் உடனே திரும்ப வேண்டும். டெல்லி சொல்லாதது: நம் மந்திரி அவர்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும்போதே படையை நடத்தினார்களே, அது நமக்கு வருத்தமா இல்லையா? நாம் வருத்தத்தைச் சொல்லாமல் விடுவது பெருந்தன்மையா, அச்சமா, அடுத்த பேச்சுவார்த்தைக்கு வாசலைத் திறந்து வைப்பதா? மூன்றும் இருக்கலாம் என்று முடித்திருந்தான்.

ஏட்டு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை அதன் இடத்திலேயே நோட்டுக்குள் வைத்து மூடினார்.

“இருவத்திரெண்டு வருஷமா ஆளு விசாரிக்கறேன். ஊரான் குத்தத்த எழுதறவன் எங்கயும் இருக்கான்மா. நம்ம வூட்டையும் சேத்து எழுதறவன் எதையும் ஒளிச்சு வெக்கிற ஆளு இல்ல. இந்தத் தாளு கெடைக்காம போயிருந்தாத்தான் நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.”

வேலை வருமா ஐயா என்று அம்சவள்ளி நேராகவே கேட்டுவிட்டாள். நான் எழுதுவதை எழுதுவேன், மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் ஏட்டு. வாசலில் நின்று பூட்ஸ் மாட்டும்போது மட்டும், செத்தவனையும் கைப்பிள்ளையையும் முதலில் பட்டியலிலிருந்து எடு என்று நல்லுசாமியைக் கடிந்துகொண்டார். மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஐம்பத்திரண்டு நாள். அந்த நாட்களில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நீ ஏன் கிழித்தாய் என்று அவன் கேட்கவில்லை, நீங்கள் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. முந்திரிப் பூ உதிர்ந்து பழமாகிக் காடெல்லாம் இனிப்பு வாசம் அடித்தது. அவன் பரீட்சைக்குப் படித்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை உடைத்தாள். பயம் இருந்தது, ஆனாலும் கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்று நல்லுசாமி பிற்பாடு சொல்வான்.

சித்திரைக் கடைசியில் கொளஞ்சி சைக்கிளைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். உத்தரவு. அந்த மாதமே பரீட்சையும் எழுதினான். பிற்பாடு வந்த மார்க் அறுபத்தொன்று.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை அம்சவள்ளியும் கூடக் கிளம்பினாள். எதற்கு என்றான். சும்மாத்தான் என்றாள். அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகவில்லை. அவன் உள்ளே போனான். அவள் தாலுகா ஆபீஸ் சுவரோரமாக, மனுக் கொடுக்க வந்த ஜனங்களோடு நின்றாள். உள்ளே அவனை இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் அலைய விட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள், சான்றிதழைப் பார்த்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றாள்.

பன்னிரண்டு மணிக்குத் தலைமை எழுத்தர் ஒரு மூலை மேஜையைக் காட்டினார். மேஜைமேல் கட்டுக் கட்டாகக் காகிதம், பின்னால் பிரம்பு பின்னிய ஒரு பழைய நாற்காலி. நல்லுசாமி அதைப் பார்த்தான், உட்காரலாமா என்று கேட்பவன்போல் தலைமை எழுத்தரைப் பார்த்தான். அவர் தம் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவன் திரும்பிச் சன்னலைப் பார்த்தான்.

அம்சவள்ளி அங்கிருந்தே தலையை அசைத்தாள். “உக்காருங்க” என்றாள், சத்தம் வராமல்.

அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவள் கம்பியை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தாள்.